கல் எடுத்த குகையில் வெடிமருந்து

ஒரு பெரிய தாக்குதலில் பீரங்கிகள் சில நாட்களில் சுட்டுத் தீர்க்கும் குண்டுகளைச் செய்து முடிக்கத் தொழிற்சாலைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் அமைதிக் காலத்திலேயே செய்து சேர்த்து, எங்காவது பத்திரப்படுத்தியாக வேண்டும். முதல் உலகப் போர் முடியும்வரை பெரும்பாலும் தரைக்கு மேல் கட்டிய கொட்டகைகளே அதற்குப் போதும் என்று பல நாடுகள் நினைத்தன. அதன் விலையை அப்போதே சிலர் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் சில்வெல் என்ற ஊரில் குண்டுகளுக்கு மருந்து நிரப்பும் தொழிற்சாலையில் 1918 ஜூலை 1 அன்று நடந்த வெடிவிபத்தில் 134 தொழிலாளர்கள் இறந்தார்கள். எதிரி அங்கே ஒரு குண்டும் போட்டிருக்கவில்லை.

1935-இல் ஜெர்மனி தன்னிடம் விமானப்படை இருப்பதை வெளிப்படையாக அறிவித்தது. தேம்ஸ் நதிக்கரையில் இருந்த ஊலிச் ஆயுதச் சாலையை, நதியைப் பார்த்துக்கொண்டே பறந்து வரும் எந்த விமானியும் கண்டுபிடித்துவிடலாம். கையிருப்பைப் பூமிக்குள் கொண்டுபோவது என்று பிரிட்டிஷ் போர் அமைச்சகம் முடிவெடுத்தது. புதிதாக மலையைக் குடைய நேரமும் இல்லை, பணமும் இல்லை. யாரோ எப்போதோ வேறு காரணத்துக்காகக் குடைந்துவிட்டுப் போன இடம் தேவைப்பட்டது.

அந்த இடம் தென்மேற்கு இங்கிலாந்தில், வில்ட்ஷயர் மாவட்டத்தில், கோர்ஷம் என்ற சிற்றூரைச் சுற்றி இருந்தது. டன்னல் குவாரி, மங்டன் ஃபார்லி, ஈஸ்ட்லேஸ் என்ற மூன்று பழைய கல்குவாரிகளைச் சேர்த்து மத்திய வெடிமருந்துக் கிடங்கு ஒன்று உருவானது.

கல்குவாரி என்றால் நம் ஊரில் வானம் பார்த்த பள்ளம்தான் நினைவுக்கு வரும். பல்லாவரம் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாறை தரைமட்டத்திலேயே கிடக்கும், மேலிருந்து உடைத்துக்கொண்டே கீழே இறங்குவார்கள். கோர்ஷமில் அது நடக்காது. அங்கே நல்ல கல் கிடைக்கும் படுகை தரைக்கு 25 முதல் 30 மீட்டர் கீழே இருக்கிறது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் விலைபோகாத பாறையும் களிமண்ணும். அவ்வளவையும் வாரிக் கொட்டிவிட்டுக் கல்லை எடுப்பதைவிட, சரிவாக ஒரு வழி வெட்டிக் கீழே இறங்கி, நல்ல படுகைக்குள் மட்டும் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருப்பது மலிவு. தலைமுறை தலைமுறையாக அப்படிப் போனதில், வயல்களுக்கும் வீடுகளுக்கும் அடியில் கிலோமீட்டர் கணக்கில் கூடங்கள் உருவாகிவிட்டன.

அந்தக் கல்லுக்குப் பெயர் பாத் கல். பக்கத்தில் இருக்கும் பாத் நகரத்தின் தேன்நிற மாளிகைகள் எல்லாம் இந்தக் கல்லில் எழுந்தவை. ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதி ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலாக இருந்தது. இன்றைய பஹாமா தீவுகளைச் சுற்றி இருக்கும் கடலைப்போல. அலையில் உருண்டுகொண்டே இருந்த சிப்பித் துணுக்குகள்மீதும் மணல்துகள்கள்மீதும் கடல்நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு சுற்றுச் சுற்றாகப் படிந்தது. பாயசத்து ஜவ்வரிசியை இன்னும் பல மடங்கு சிறிதாக்கினால் கிடைக்கும் உருவம் அந்தத் துகள்களுக்கு. அவை அடியில் குவிந்து, இடையே இன்னும் சுண்ணாம்பு ஊறி ஒட்டிக்கொண்டு பாறையாயின. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமைப்பு. அதனால் எந்தத் திசையிலும் ரம்பம் போட்டு அறுக்கலாம், பிளந்துகொள்ளாது. புதிதாக எடுக்கும்போது ஈரமாக, இளகலாக இருக்கும். வெளியே வைத்துக் காயவிட்டால் இறுகும். சிற்பிக்கும் கொத்தனாருக்கும் இது வரம். ஆனால் குகைக்குள்ளேயே நின்றுவிட்ட தூண்களும் கூரையும் ஒருபோதும் முழுதாகக் காய்வதில்லை. அவை ஈரக்கல்லாகவே இருக்கின்றன. காய்ந்த கல்லின் வலிமை அவற்றுக்கு இல்லை. கட்டடம் கட்டுபவரின் கணக்கும் குகைக்குள் நிற்பவரின் கணக்கும் இங்கே பிரிகின்றன.

கல் எடுத்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பிற்காலத்துக் கிடங்கின் வடிவத்தைத் தீர்மானித்ததே அதுதான். தொழிலாளி முதலில் கூரையை ஒட்டி, படுகையின் மேல்விளிம்பில் நீண்ட பிடி போட்ட கூந்தாலியால் ஒரு சாண் உயரத்துக்கு இடுக்கு வெட்டுவார். இடுக்கு உள்ளே போகப் போக இன்னும் நீளமான பிடியை மாட்டிக்கொள்வார். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் உள்ளே போனதும், அந்த இடுக்கில் ரம்பத்தைச் செருகிக் கீழ்நோக்கி அறுப்பார். ரம்பம் இறுகிப் பிடிக்காமலிருக்க மேலே ஒரு தகரக் குவளையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். முதல் பாளத்தை மட்டும் ஆப்பு அடித்துப் பின்புறத்திலிருந்து முறித்து எடுக்க வேண்டும். அது வெளியே வந்தவுடன் ஆள் நுழைய இடம் கிடைத்துவிடும். அடுத்தடுத்த பாளங்களை எல்லாப் பக்கமும் சுத்தமாக அறுத்தெடுக்கலாம். இதில் வெடிமருந்துக்கு வேலையே இல்லை. வெடிவைத்துத் தகர்த்த சுரங்கங்களில் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஓடும். பாத் கல் குகைகளின் கூரை பல இடங்களில் தட்டையாக, முழுதாக நின்றதற்குக் கையால் அறுத்ததும் ஒரு காரணம்.

கூரையை அவர்கள் காதால் சோதித்தார்கள். இரும்புக் கம்பியால் தட்டும்போது கணீரென்றால் பாறை ஒரே கட்டாக இருக்கிறது. மொத்தென்று சத்தம் கேட்டால் ஒரு அடுக்கு பிரிந்து தொங்குகிறது. விரிசல் கண்ட இடத்தில் மர ஆப்பைச் செருகி வைப்பார்கள். மறுநாள் ஆப்பு கீழே விழுந்து கிடந்தால் விரிசல் அகன்றிருக்கிறது என்று பொருள். கருவி எதுவும் இல்லாத காலத்தில் பாறையின் அசைவை அளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

இனி ஒரு சிறு கணக்கு. மேலே இருக்கும் பாறைக்கும் மண்ணுக்கும் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 2.3 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 69 டன் அமர்ந்திருக்கிறது. குகை வெட்டாதபோது அந்த எடை எங்கும் சமமாகப் பரவியிருக்கும். இப்போது கல்லில் 80 விழுக்காட்டை எடுத்துவிட்டு 20 விழுக்காட்டைத் தூணாக விட்டால், அதே எடை ஐந்தில் ஒரு பங்கு பரப்பில் இறங்க வேண்டும். தூணின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 345 டன் சுமக்கிறது. இன்னும் கொஞ்சம் பேராசைப்பட்டு 90 விழுக்காட்டை எடுத்தால் சுமை 690 டன். ஒரே அடியில் இரட்டிப்பு. தூண்களை விட்டு வைத்தவர்கள் கல் வியாபாரிகள். விற்கக்கூடிய கல்லைத் தூண் என்று விட்டு வைப்பது அவர்களுக்கு நஷ்டம். அதனால் எங்கே கல் மட்டமோ, எங்கே விரிசல் ஓடியதோ, அந்த இடமே பெரும்பாலும் தூணாக மிஞ்சியது. ராணுவப் பொறியாளர்கள் உள்ளே இறங்கியபோது அவர்களுக்குக் கிடைத்தது இப்படிப்பட்ட தூண்கள்தான்.

உதவாத கல் துண்டுகளை மேலே ஏற்றச் செலவாகும் என்று பழைய தொழிலாளர்கள் அவற்றை வெட்டி முடித்த கூடங்களிலேயே அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். முதல் வேலை அவற்றை அகற்றுவது. வேல்ஸிலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் வேலையிழந்து நின்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இதற்கு வரவழைக்கப்பட்டார்கள். பலவீனமான தூண்களுக்குக் கான்கிரீட் பலம் கொடுத்தார்கள். வளைந்தும் நெளிந்தும் கிடந்த கூடங்களை நேராக்கித் தரையைச் சமன்செய்தார்கள். ஒவ்வொரு குவாரியையும் பல பகுதிகளாகப் பிரித்து இடையே தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். இந்தக் கடைசி வேலையின் அருமை பிறகு வேறோர் இடத்தில் தெரியவந்தது.

சரக்கை உள்ளே கொண்டுவரவும் வெளியே அனுப்பவும் ரயில் வேண்டும். அதில் கோர்ஷமுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பொறியாளர் புரூனல் கட்டி 1841-இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள பாக்ஸ் ரயில் சுரங்கப்பாதை இதே குன்றைக் குடைந்து போகிறது. அதைத் தோண்டும்போதே உள்ளே நல்ல கல் இருப்பது தெரிந்து பல குவாரிகள் பிறந்தன. சுரங்கப்பாதையின் கிழக்கு வாயிலை ஒட்டி இன்னொரு சிறிய வாயில் உண்டு. அதன் வழியாக ரயில் நேராக டன்னல் குவாரிக்குள் நுழைந்து, பூமிக்கடியில் கட்டிய நடைமேடையில் நிற்கும். மங்டன் ஃபார்லிக்கு அந்த வசதி கிடையாது. பள்ளத்தாக்கில் ரயில்பாதை, மேலே குன்றுக்குள் குவாரி. இரண்டுக்கும் நடுவே ஒரு மைலுக்கும் கூடுதலான நீளத்தில் சரிவான சுரங்கம் வெட்டிக் கன்வேயர் பெல்ட் ஓடவிட்டார்கள். ரயிலில் வந்த குண்டுப் பெட்டிகள் வெளிச்சம் படாமலே கிடங்கு போய்ச் சேர்ந்தன.

பாறைக்குள் வைத்துவிட்டால் வெடிமருந்து பத்திரம் என்று தோன்றும். 30 மீட்டர் பாறையை அந்தக் காலத்து விமானக் குண்டு எதுவும் துளைத்திருக்காது. அந்தக் கேள்விக்கு விடை எளிது. கஷ்டமான கேள்விகள் மூன்று. காற்றை என்ன செய்வது? கூரையை எப்படி நம்புவது? உள்ளே இருக்கும் சரக்கே வெடித்தால் அதே பாறை என்ன செய்யும்? மூன்றுக்கும் பிரிட்டன் பதில் கண்டது. இரண்டை மிகுந்த விலை கொடுத்துக் கண்டது.

முதலில் காற்று. இவ்வளவு ஆழத்தில் கோடையும் குளிரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் 12 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். பீரங்கியிலிருந்து குண்டைத் தள்ளும் கார்டைட் என்ற மருந்துக்கு இது மிக நல்லது. நைட்ரோசெல்லுலோஸும் நைட்ரோகிளிசரினும் கலந்த கார்டைட், சும்மா இருக்கும்போதே மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும். சிதைவில் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மேலும் சிதைவைத் தூண்டும். அவற்றைப் பிடித்துக்கொள்ள நிலைநிறுத்தும் பொருள் ஒன்றைக் கலப்பார்கள். அது தீர்ந்துவிட்டால் மருந்து தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் சிதைவின் வேகம் ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்காகிறது. ஆக, குளிர்ச்சியான குகை கார்டைட்டின் ஆயுளைக் கூட்டுகிறது.

ஆனால் அதே குளிர்ச்சிதான் ஈரத்தையும் கொண்டுவருகிறது. கோடையில் வெளியே 24 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்று கொள்வோம். அந்தக் காற்றின் ஒவ்வொரு கனமீட்டரிலும் 13 கிராம் நீராவி இருக்கும். அதைக் குகைக்குள் விட்டால் 12 டிகிரிக்குக் குளிரும். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடியது 11 கிராமுக்கும் குறைவு. மீதி இரண்டு கிராமுக்கு மேல் சுவரிலும் பெட்டிகளிலும் குண்டுகளின் இரும்பு உடம்பிலும் நீராகப் படியும். பெரிய விசிறிகள் நாளெல்லாம் ஓடும் கிடங்கில் இது லிட்டர் கணக்கைத் தாண்டி டன் கணக்குக்குப் போய்விடும். இரும்பு துருப்பிடிக்கும், திரிக் கருவிகள் கெடும், துணிப்பையில் கட்டிய மருந்து ஈரமேறும். குளிர்காலத்தில் கதை தலைகீழ். 2 டிகிரியில் ஈரம் முழுதாக நிறைந்த காற்றிலும் 5.6 கிராம்தான் இருக்கிறது. அது உள்ளே வந்து 12 டிகிரிக்குச் சூடாகும்போது ஈரப்பதம் பாதியாகக் குறைந்து, சுவரிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். சூடான நாளில் கதவைத் திறந்து 'காற்றாட' விடுவது என்ற நம் பழக்கம் குகைக்குள் கேடாக முடியும். கோர்ஷமில் வெளிக்காற்றைப் பதப்படுத்தி, ஈரத்தைக் குறைத்து, பிறகே உள்ளே விட்டார்கள்.

இதே பாடத்தைக் கலைப்பொருள் காப்பாளர்களும் படித்தார்கள். பக்கத்து வெஸ்ட்வுட் குவாரியில் 1942 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பொக்கிஷங்கள் இருந்தன. காற்றைச் சீராக்கும் இயந்திரம் அங்கேயும் ஓடியது. அந்தக் குவாரியின் இன்னொரு பகுதியில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் போர்க்காலத் தொழிற்சாலை நடத்தியது. 1950-களில் சென்னை திருவொற்றியூருக்குப் புல்லட் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்த அதே ராயல் என்ஃபீல்டுதான்.

அடுத்தது கூரை. ராணுவம் கல் குகைகளைத் தேடியபோது விமானப்படையும் தன் பங்குக்குத் தேடியது. அதற்குக் கிடைத்த இடங்களில் ஒன்று வடக்கு வேல்ஸின் லான்பெரிஸ். அங்கே இருந்தது திறந்தவெளி சிலேட் குவாரி, குகை இல்லை. பள்ளத்துக்குள் இரண்டு தளங்களாகக் கான்கிரீட் வளைவுகள் கட்டி, மேலே சிலேட் கழிவைக் கொட்டி மூடினால் குகையாகிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். 1941 ஜூனில் திறந்தார்கள். 1942 ஜனவரி 25 அன்று மூன்றில் இரண்டு பங்கு இடிந்து விழுந்தது. இயற்கைப் பாறை, பக்கத்துப் பாறையோடு ஒரே கட்டாகப் பிணைந்து நின்று தன் எடையில் ஒரு பகுதியைப் பக்கங்களுக்குக் கடத்தும். கொட்டிய கழிவு அப்படிச் செய்யாது. அது முழு எடையையும் வளைவின் தலையில் வைக்கும், மழை பெய்தால் இன்னும் கனக்கும், பக்கங்களிலும் நெட்டும். ஆள் கட்டிய கூரையையும் பூமி தந்த கூரையையும் ஒன்றாக எண்ணியதே அங்கே நடந்த தவறு. டெர்பிஷயரில் ஹார்ப்பர் ஹில் என்ற இடத்திலும் இதே வடிவத்தில் ஒரு கிடங்கு இருந்தது. லான்பெரிஸ் செய்தி வந்ததும் அங்கே மேலே போட்டிருந்த மண்ணைக் குறைத்தார்கள்.

லான்பெரிஸில் ஆயிரக்கணக்கான டன் விமானக் குண்டுகள் கான்கிரீட்டோடும் சிலேட்டோடும் நொறுங்கிப் புதைந்தன. ஒன்றுகூட வெடிக்கவில்லை. இது எப்படி என்று புரிந்துகொள்ள வேண்டும்.

குண்டின் வயிற்றை நிரப்பும் டி.என்.டி., அமட்டால் போன்றவை மந்தமானவை. உருக்கி ஊற்றலாம், கீழே போட்டாலும் பொதுவாக வெடிக்காது. அவற்றை எழுப்ப ஓர் அதிர்ச்சி அலை வேண்டும். அதைத் தருவது டெட்டனேட்டர். அதில் பாதரச ஃபல்மினேட், ஈய அசைடு போன்ற மிக உணர்ச்சியுள்ள பொருள் சில கிராம் இருக்கும். ஒரு உராய்வு, ஒரு பொறி போதும். அந்தச் சிறு அதிர்ச்சியைப் பெருக்கிப் பெரிய மருந்துக்குக் கொடுக்க நடுவில் இடைநிலை மருந்து ஒன்று உண்டு. உணர்ச்சியில் அது இரண்டுக்கும் இடைப்பட்டது. மூன்றும் ஒன்றாகச் சேரும்போதுதான் குண்டு முழுமை பெறுகிறது. கிடங்கில் டெட்டனேட்டர்களைத் தனியே பிரித்து வைத்தால், மீதி எவ்வளவு குவிந்திருந்தாலும் கிட்டத்தட்டத் தூங்கும். ஆனால் ஒரு குண்டு விழித்துவிட்டால் பிறகு எதுவும் கையில் இல்லை. டி.என்.டி.க்குள் வெடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பக்கத்துக் குண்டுக்கு அந்த அதிர்ச்சியே டெட்டனேட்டர் ஆகிவிடும். மனிதர் ஒருவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுக்கு முழுவதும் போய்விடும்.

அதனால்தான் இத்தகைய கிடங்குகளில் கட்டுப்பாடு கோவில் ஆசாரம் போல இருக்கும். வாயிலிலேயே தீப்பெட்டியையும் சிகரெட்டையும் கொடுத்துவிட வேண்டும். ஆணி அடித்த செருப்பு கூடாது. பொறி கிளப்பாத உலோகத்தில் அல்லது மரத்தில் செய்த கருவிகளைத்தான் தொடலாம். விதிகள் நல்ல விதிகள். போர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டியபோது வேலைப்பளுவும் ஆள்பற்றாக்குறையும் அவற்றை அரித்துவிட்டன.

ஸ்டஃபோர்ட்ஷயரில் ஹான்பரி கிராமத்துக்குப் பக்கம் ஃபால்ட் என்ற இடம். அங்கே ஜிப்சம் வெட்டியெடுத்த சுரங்கத்தின் ஒரு பகுதியை 1937-இல் விமானப்படை வாங்கி, 21-ஆம் பராமரிப்புப் பிரிவு என்ற பெயரில் குண்டுக் கிடங்காக்கியது. மேலே ஏறத்தாழ 27 மீட்டர் பாறையும் மண்ணும். அதற்கும் மேலே வயல்கள், பண்ணை வீடுகள். பக்கத்திலேயே ஜிப்சம் சுரங்கமும் பிளாஸ்டர் தொழிற்சாலையும் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தன. பயன்படுத்தாமல் திரும்பி வந்த குண்டுகளைப் பிரித்துச் சரிபார்க்கும் வேலையும் நிலத்தடியில் குண்டுகளின் நடுவிலேயே நடந்தது.

1944 நவம்பர் 27, திங்கட்கிழமை, காலை 11 மணி 11 நிமிடம். சுமார் 3,500 முதல் 4,000 டன் வரையான வெடிபொருள் ஒரேயடியாக வெடித்தது. தரையில் 30 மீட்டர் ஆழமும் 230 மீட்டர் அகலமும் கொண்ட பள்ளம் விழுந்தது. அப்பர் காசில் ஹேஸ் என்ற பண்ணை, வீடு, ஆட்கள், மாடுகள் எல்லாமாக மறைந்துபோனது. பிளாஸ்டர் தொழிற்சாலைக்கு மேலே இருந்த நீர்த்தேக்கத்தின் கரை உடைந்து, தண்ணீரும் சேறும் தொழிலாளர்கள்மீது பாய்ந்தன. வட ஆப்பிரிக்காவின் காசாபிளாங்கா வரை நிலநடுக்கக் கருவிகளில் அதிர்வு பதிவானது. சுமார் 70 பேர் இறந்தார்கள்: விமானப்படையினர், உள்ளூர்த் தொழிலாளர்கள், பண்ணை ஆட்கள், அங்கே வேலை செய்த இத்தாலியப் போர்க்கைதிகள். சிலரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. வெடிப்புக்குத் தப்பியவர்களுக்கும் சுரங்கத்துக்குள் இன்னோர் ஆபத்து இருந்தது. டி.என்.டி. முழுதாக எரியத் தேவையான ஆக்சிஜன் அதன் மூலக்கூறில் இல்லை. அதனால் வெடிக்கும்போது ஏராளமாகக் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நிலக்கரிச் சுரங்க மீட்புக் குழுக்கள் மூச்சுக் கருவியோடு இறங்க வேண்டியிருந்தது.

விசாரணை அறிக்கை 1974-இல்தான் பொதுமக்களுக்குக் கிடைத்தது. குண்டு ஒன்றிலிருந்து வெடிதூண்டும் பகுதியை அகற்றும்போது, விதிக்குப் புறம்பாகப் பித்தளை உளி பயன்பட்டதாகவும், அதுவே காரணமாக இருக்கக்கூடும் என்றும் அது சொன்னது. உளியைப் பிடித்தவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்வது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆயிரக்கணக்கான டன்னின் நடுவே ஒரு குண்டைப் பிரிக்க உட்காரவைத்த ஏற்பாட்டில்தான் பெரிய பிழை இருக்கிறது. அந்த ஒரு வேலையைத் தரைக்கு மேலே, தூரத்தில், தனிக் கொட்டகையில் வைத்திருந்தால், அதே உளி அதே தவறைச் செய்திருந்தாலும் இறந்திருப்பவர் ஒருவரோ இருவரோதான்.

27 மீட்டர் பாறை ஏன் அடக்கவில்லை? வெடிப்பின் ஆற்றலுக்கும் அதன் வீச்சுக்கும் உள்ள உறவு கனமூலத்தில் இருக்கிறது. மருந்து எட்டு மடங்கானால் பாதிப்பின் தூரம் இரண்டு மடங்காகும். பிற்காலத்தில் அமெரிக்கா நிலத்தடியில் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது, ஒரு கிலோடன் வெடிப்பு மேலே கசியாமலிருக்க ஏறத்தாழ 120 மீட்டர் ஆழம் வேண்டும் என்பதை அடிப்படை அளவாக வைத்துக்கொண்டார்கள். ஒரு கிலோடன் என்பது ஆயிரம் டன் டி.என்.டி.க்குச் சமம். ஃபால்டில் வெடித்த சரக்கின் எடையில் குண்டுகளின் இரும்பையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஒரு கிலோடனுக்கு மேலேயே இருந்திருக்க வேண்டும். 27 மீட்டர் என்பது அதற்கு ஒரு மூடி. தூக்கி எறியக் கூடிய மூடி. மேலிருந்து விழும் ஒற்றைக் குண்டுக்கு அந்தப் பாறை அசைக்க முடியாத கோட்டை. கீழிருந்து எழும் மொத்தச் சரக்குக்கு அது வெறும் எறிபொருள். வயலில் நின்றவர்கள்மீது விழுந்ததும் அந்தப் பாறைதான்.

சுரங்கத்துக்குள் இன்னொரு கொடுமையும் உண்டு. திறந்த வெளியில் அதிர்ச்சி அலை எல்லாத் திசையிலும் விரிந்து, தூரம் கூடக் கூட விரைவாக வலுவிழக்கும். சுரங்கவழியில் அதற்கு விரிய இடமில்லை. ஒரே குழாயில் அடைபட்டு ஓடுவதால் வெகுதூரம் வலுக் குறையாமல் போய், வழியில் இருக்கும் அடுத்த அடுக்கை எழுப்பும். நேராக நீண்ட வழிகள் அழகாக இருக்கும், வண்டி ஓட்ட வசதி; வெடிப்புக்கும் அதே வசதி.

அன்று ஃபால்டில் இருந்த சரக்கு முழுவதும் வெடித்திருந்தால் இறந்தவர்கள் இன்னும் எத்தனையோ மடங்காகியிருப்பார்கள். அப்படி நடக்காததற்குக் காரணம், கிடங்கின் ஒரு பகுதிக்கும் மறுபகுதிக்கும் நடுவே வெட்டாமல் விட்டிருந்த தடித்த பாறைச் சுவர். பாறை அங்கேதான் தன் வேலையைச் செய்தது. கூரையாக இருந்து அடக்க முடியாததை, சுவராக இருந்து பிரித்து வைத்தது. கோர்ஷமின் குவாரிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தடுப்பெழுப்பிய பொறியாளர்களின் கணக்கும் இதுதான்: வெடிப்பை அடக்க முடியாது, அது ஒரே நேரத்தில் தொடக்கூடிய அளவைக் குறைக்க முடியும். போர்க்காலம் முழுவதும் கோர்ஷமில் அத்தகைய விபத்து நேரவில்லை.

ஃபால்டில் மிஞ்சிய பகுதியை விமானப்படை 1966 வரை பயன்படுத்தியது. பள்ளம் இன்றும் இருக்கிறது. மரங்கள் அடர்ந்து வளர்ந்து, வேலி போட்டு, வெடிக்காத குண்டுகள் உள்ளே இருக்கலாம் என்ற எச்சரிக்கைப் பலகையோடு. விளிம்பில் இறந்தவர்களின் பெயர் தாங்கிய வெள்ளைக் கிரானைட் கல் நிற்கிறது. அது இத்தாலியிலிருந்து வந்த கல்.

கோர்ஷம் கிடங்கு 1960-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. பாத் கல்லை அந்தப் பகுதியில் இன்றும் நிலத்துக்கடியில் இறங்கி வெட்டுகிறார்கள். இப்போது ரம்பம் மின்சாரத்தில் ஓடுகிறது, கூரைக்கு எஃகு ஆணிகள் முடுக்குகிறார்கள். ஈஸ்ட்லேஸ் குவாரி விலையுயர்ந்த திராட்சை மதுவைச் சேமிக்கும் கிடங்காகிவிட்டது. மாறாத குளிர், இருட்டு, அதிர்வில்லாத தரை எல்லாம் மதுவுக்கும் வேண்டும். ஈரத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒத்துவராது. குண்டு துருப்பிடிக்காமலிருக்கக் காற்றைக் காயவைக்க வேண்டியிருந்தது. மதுப் புட்டியின் தக்கை சுருங்காமலிருக்கக் காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தாக வேண்டும்.